பெரியவர் அருகில் இருந்தால்தான் மின்சாரம்: வேலைமேசைப் பூட்டு, மூன்றாவது வாரம்

என் வேலைமேசையில் சால்டரிங் அயர்னும் டிரில்லும் இருக்கின்றன. பத்து வயது மகளுக்கும் அந்த மேசை மேல் ஆசை. பூட்டி வைத்துவிட்டு "தொடாதே" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர் யாராவது அருகில் இருந்தால் அவளும் வேலை செய்யலாம். இல்லாவிட்டால் மேசைக்கு மின்சாரம் வரக்கூடாது. எழுத நினைத்தது இந்த ஒரே விதியைத்தான்.

கடவுச்சொல் இதற்கு உதவாது. கேட்பவர் யார் என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் அறையில் என்ன நிலைமை என்று அது பார்க்காது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் 'அவேர் ஹோம்' என்ற ஆய்வு வீட்டுக்காக 2001-லேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். பயனருக்கு 'நிர்வாகி', 'விருந்தினர்' என்று ரோல் கொடுப்பதுபோல, நேரம், இடம் போன்ற சூழலுக்கும் ரோல் கொடுப்பது. அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. என் மேசைக்கு 'பெரியவர் அருகில்' என்பதே ஒரு ரோல்.

சாமான்கள் அதிகமில்லை. சாவிக்கொத்தில் ஒரு புளூடூத் டேக், அதைக் கேட்க ஒரு இஎஸ்பி32 (வைஃபை, புளூடூத் உள்ள சிறு கணினிப் போர்டு), மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் ரிலேயோடு இன்னொன்று, நடுவில் செய்திகளை வாங்கி உரிய போர்டுக்குக் கொடுக்கும் எம்க்யூடிடி புரோக்கர். முதல் வாரம் முழுக்க சிக்னலோடு மல்லுக்கட்டினேன். ஒன்றரை மீட்டரில் சிக்னலின் பலம் மைனஸ் 63 dBm காட்டியது (பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்), நான் முதுகைத் திருப்பினால் மைனஸ் 80-க்கு இறங்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு நன்றாகவே உறிஞ்சுகிறது. கடைசி பத்து அளவுகளின் சராசரி எடுத்து, நுழைய மைனஸ் 70, வெளியேற மைனஸ் 82 என்று இரண்டு எல்லை வைத்ததும் ரிலே படபடப்பது நின்றது.

இரண்டாவது வாரம்தான் பயந்துபோனேன். நான் மாடியில் இருந்தேன். கீழேயிருந்து மகளின் குரல்: "அப்பா, நீங்க இங்க இல்லியே, எப்படி ஆன் ஆச்சு?" ஓடி வந்து பார்த்தால் அயர்ன் சூடாகிக்கொண்டிருந்தது. டேக்கைக் கேட்கும் போர்டின் அடாப்டர் கழன்று கிடந்தது. அது கடைசியாக அனுப்பிய 'இருக்கிறார்' செய்தியை நான் ரீடெயின் (புரோக்கர் கடைசிச் செய்தியைச் சேமித்து வைக்கச் சொல்லும் குறி) போட்டு அனுப்பியிருந்தேன். ரிலே போர்டு ரீஸ்டார்ட் ஆனதும் புரோக்கர் அந்தப் பழைய செய்தியை எடுத்துக் கொடுத்திருக்கிறது. அனுப்பிய போர்டு எப்போதோ செத்துவிட்டது, அதன் வார்த்தை மட்டும் உயிரோடு இருந்தது.

அன்று இரவே மாற்றினேன். போர்டின் தொடர்பு அறுந்தால் 'தெரியவில்லை' என்று புரோக்கரே அறிவிக்கும்படி லாஸ்ட் வில் வைத்தேன். போர்டு தான் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டிய இடைவெளிதான் கீப்அலைவ்; அந்த நேரத்தின் ஒன்றரை மடங்கு வரை புரோக்கர் பொறுத்துப் பார்க்கும். 60 விநாடி வைத்திருந்தால் அது 90 விநாடி ஆகிவிடும். அதனால் 10 ஆகக் குறைத்தேன். அப்புறம், ஒவ்வொரு தகவலும் இப்போது தன் நேரத்தோடு வருகிறது. 15 விநாடிக்கு மேல் பழையதென்றால் அதுவும் 'தெரியவில்லை'தான். தெரியாதபோது அயர்னுக்கும் டிரில்லுக்கும் மின்சாரம் கிடையாது, மேசை விளக்கு மட்டும் எரியும். ரிலேயில் என்ஓ முனையில் (இயக்காதபோது திறந்தே இருக்கும் முனை) இணைத்திருப்பதால் போர்டே செத்தாலும் மின்சாரம் நின்றுவிடும்.

சாவிக்கொத்தை மேசையில் மறந்து வைத்துப் போனால்? அங்கே டேக் இருக்கும், ஆள் இருக்காது. இந்த வாரம் முடுக்கமானி உள்ள டேக்குக்கு மாறினேன். இரண்டு நிமிடம் அசையாமல் கிடந்தால் கணக்கில் சேராது. இடுப்பில் மாட்டிக்கொண்டால் உட்கார்ந்து வேலை செய்யும்போது உண்டாகும் சிறு அசைவே போதுமானதாக இருக்கிறது.

மறுக்கும்போது காரணத்தையும் சொல்லட்டும் என்று ஒரு சின்னத் திரை வைத்திருக்கிறேன். 'பெரியவர் தகவல் 22 விநாடி பழையது' என்று அதில் வந்ததைப் படித்துவிட்டு, மகளே போய் அடாப்டரை அழுத்திச் செருகினாள்.

டேக்கின் முகவரியை யாரும் நகலெடுக்கலாம் என்பது இன்னும் உறுத்துகிறது. அடுத்தது யுடபிள்யுபி, அதாவது மிக அகன்ற அலைவரிசையில் இயங்கும் ரேடியோ. ஒரு நானோவிநாடியில் அலை 30 செ.மீ. போகும் என்பதால் தூரத்தை நேரத்தாலேயே அளக்கலாம். இரண்டு மாட்யூல்கள் வாங்கி வைத்தாயிற்று, இன்னும் சால்டர் செய்யவில்லை.