இரண்டு புகைப்படங்களும் ஒரு தகவல் மனுவும்

நம்முடைய தனிப்பட்ட விவரங்களைக் காப்பதற்கென்று 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கான விதிகள் வெளிவர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2025 நவம்பர் நடுவில் அவை அறிவிக்கப்பட்டபோது, எந்தப் பிரிவு எந்த நாளிலிருந்து செல்லும் என்பதை மட்டும் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். நம்மைப் பற்றிச் சேர்த்து வைத்திருப்பது என்ன என்று கேட்கும் உரிமை, பிழையைத் திருத்தச் சொல்லும் உரிமை, அழிக்கச் சொல்லும் உரிமை ஆகிய எல்லாவற்றுக்கும் பதினெட்டு மாதம் காத்திருக்க வேண்டும். உடனடியாக நடைமுறைக்கு வந்தவற்றில் ஒன்று 44(3) என்னும் பிரிவு. அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவருடைய தனிப்பட்ட தகவல் பொதுப்பணியோடு தொடர்பில்லாததாகவோ, அதை வெளியிடுவது அவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாகவோ இருந்தால்தான் அதைத் தர மறுக்கலாம். அப்போதும் பொதுநலன் பெரிது என்று அலுவலர் கருதினால் தந்துவிடலாம். இப்போது அந்த நிபந்தனைகள் போய்விட்டன. தனிப்பட்ட தகவல் என்று சொன்னாலே மறுப்பதற்குப் போதும்.

சட்ட நுணுக்கம் போலத் தோன்றும் இந்த ஒரு வரி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமங்களில் என்ன செய்யும் என்பதை நூறு நாள் வேலையை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். ஏரிக்கரையிலோ ஓடை ஓரத்திலோ வேலை தொடங்கியதும் பணித்தளப் பொறுப்பாளர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் தம் கைபேசியில் படம் எடுப்பார். முந்தானையைத் தலையில் போட்டிருக்கும் பாட்டிகளிடம், "முகம் தெரியணும் ஆயா, துணியை விலக்குங்க" என்பார். பிற்பகலில் இன்னொரு படம். இடமும் நேரமும் அதனுடனே பதிவாகும். இப்படிப் படத்தோடு வருகையைப் பதிவு செய்யும் என்எம்எம்எஸ் என்ற கைபேசிச் செயலி 2021 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமானது. பெட்டமுகிலாளம், சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் டவர் எந்தப் பாறை மேல் ஏறினால் கிடைக்கும் என்று தேடுவதும் இத்துடன் சேர்ந்த வேலையாயிற்று.

போலி வருகையைத் தடுப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கே வராதவர் பெயரில் பணம் எடுத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டிவந்தது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடியும் படம் பிடித்து ஏற்றுகிறார்கள், வருகைப் பட்டியலில் உள்ள ஆட்களும் படத்தில் உள்ள ஆட்களும் பொருந்தவில்லை என்று அதில் வரிசையாகச் சொல்லி, இனி இந்தப் படங்களை ஆட்களே பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திருடத் தெரிந்தவன் செயலியையும் கற்றுக்கொண்டான். ஒழுங்காக மண் சுமந்தவள் மட்டும் இரண்டு வேளையும் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்திலும் பயோமெட்ரிக் சரிபார்ப்பு இருக்கிறது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். படத்தில் நிற்கும் அந்தப் பெண்ணின் மகன், தன் ஊராட்சியில் ஒரு வேலையை அளந்து ஒப்புதல் தந்த அலுவலர் யார், அவர் எத்தனை நாள் களத்துக்கு வந்தார், அவர்மீது முன்பு ஏதேனும் விசாரணை நடந்ததா என்று தகவல் மனு போட்டால், தனிப்பட்ட தகவல் என்ற ஒரே பதிலோடு அதைத் திருப்பி அனுப்ப இப்போது வழி பிறந்திருக்கிறது. தனிமனித அந்தரங்கம் என்ற பெயரில் வந்த சட்டம், கூலிக்காரியின் முகத்தை மறைப்பதற்கு முன்பாகக் கோப்பில் கையெழுத்திட்டவரின் பெயரை மறைக்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான். கண்காணிப்பு கூடுகிறது என்று பொதுவாகப் பேசுவதைக் காட்டிலும், யார் யாரைப் பார்க்க முடிகிறது, யாரைப் பார்க்க முடியவில்லை என்று கேட்பதே சரி என்று நினைக்கிறேன்.

அரசு குடிமக்களைக் கண்காணிப்பது புதிதில்லை. குற்றப் பழக்கமுள்ளவர் என்று ஒருவர்மேல் காவல் நிலையத்தில் ஹிஸ்டரி ஷீட் என்னும் பதிவேட்டைத் திறந்துவிட்டால், அந்த ஆள் வீட்டில் இருக்கிறானா என்று இரவில் போலீஸ்காரர் கதவைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் அப்படிக் கண்காணிக்கப்பட்ட கரக் சிங் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு, இரவில் வீடு தேடி வருவது செல்லாது என்றது. ஆனால் அந்தரங்கம் அரசமைப்பு உறுதியளித்த உரிமையல்ல என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லிவிட்டது. இந்தக் கருத்தை மாற்றி, அரசமைப்பின் 21ஆம் பிரிவின் கீழ் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24இல், புட்டசாமி வழக்கில். இடையில் ஐம்பத்து நான்கு ஆண்டுகள். அந்தக் காலத்தில் நம்மைக் காத்தது பெரும்பாலும் சட்டமல்ல. ஒருவனைக் கண்காணிக்க ஒரு போலீஸ்காரரும், அவருக்குச் சம்பளமும், இரவு நடையும் வேண்டியிருந்ததுதான் காத்தது. எல்லோர் வீட்டுக் கதவையும் தட்ட ஆளில்லை. இன்று அந்தச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

ரேஷன் கடையில் இதை அன்றாடம் பார்க்கலாம். புளியில் கொட்டை எடுத்தோ கிரானைட் பட்டறையில் தண்ணீரும் தூளுமாக நின்றோ தேய்ந்த விரல்கள் மிஷினில் எளிதில் பதிவதில்லை. "ரேகை விழலைக்கா, நல்லாத் துடைச்சிட்டு வைங்க" என்று கடைக்காரர் சொல்வதும், அந்த அம்மா புடவைத் தலைப்பில் விரலைத் தேய்த்து மறுபடி வைப்பதும், பிறகு கருவிழிக் கருவியை எடுப்பதும் வழக்கமாகிவிட்டன. கடைக்காரர்மேல் தப்பில்லை, ரேகை விழாமல் அரிசி போட்டால் கணக்குக் கேட்கப்படுபவர் அவர்தான். அங்கன்வாடியிலோ, 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்கும் முகப் பதிவு வந்துவிட்டது. இந்த இடங்களில் சம்மதம் என்று எதைச் சொல்வது? வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் அரிசியும் மாவும் தேவைப்படாதவர் மட்டுமே, அவர் வரிசையிலேயே இல்லை.

என்னைப் போன்ற நடுத்தர வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் வேறு உருவில் வருகிறது. சற்றுச் சொகுசாகவும் வருகிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் 2021 பிப்ரவரிக்குப் பிறகு ஃபாஸ்டேக் இல்லாமல் போனால் இரட்டிப்புக் கட்டணம் என்றார்கள், வாங்கி ஒட்டிக்கொண்டோம். நம் வண்டி எந்த நாள் எந்த நேரத்தில் கடந்தது என்பது அங்கே ஒரு வரியாகச் சேர்கிறது. கடைவீதிகளில் வியாபாரிகளே காசு போட்டு வைத்த கேமராக்களால் சங்கிலி பறித்தவர்கள் பிடிபட்டதும் உண்மை. கேமராவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாடு காவல்துறை 2021இல் கொண்டுவந்த முக அடையாள மென்பொருளின் இணையதளத்துக்குள் 2024 மே மாதத்தில் வெளியாள் புகுந்துவிட்டதைக் காவல்துறையே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கடவுச்சொல்லைத் தொலைத்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை என்ன செய்வது?

கண்காணிப்பவரைக் கண்காணிப்பது யார் என்ற கேள்வியைத் தருமபுரி மாவட்டத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். அந்த மலைக்கிராமத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியும். ஊரைச் சூறையாடி, பெண்களைச் சீரழித்த அலுவலர்கள் இன்னார் இன்னார் என்று நிறுவுவதற்கு மட்டும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை 2023இல் உறுதி செய்தது. அலுவலரின் பெயரும் பதவியும் அவர் அன்று எங்கே பணியில் இருந்தார் என்பதும் யாருடைய அந்தரங்கம் என்று அந்த ஊரில் போய்க் கேட்டால் தக்க பதில் கிடைக்கும்.

தொழில்நுட்பத்தின் வேகத்துக்குச் சட்டம் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அடிக்கடி சொல்கிறார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டே தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது அரசு. அதிகாரம் தேவைப்பட்ட இடத்தில் பழைய சட்டமே போதுமானதாக இருந்தது. புதிய தரவுச் சட்டத்திலும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒன்றிய அரசு எந்த அரசு அமைப்பை அறிவிக்கிறதோ, அதற்கு 17ஆம் பிரிவு விலக்கு அளித்துவிடுகிறது. இந்த ஓட்டத்தை நிறுத்தவே முடியாது என்பதும் இல்லை. எல்லாப் புதுக் கைபேசிகளிலும் ஒன்றிய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே ஏற்றித் தர வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் பிறப்பித்த உத்தரவை, நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள்.

இப்போதைக்குக் கையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு. காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற அந்தப் பிரிவை யாரும் நீக்கவில்லை. ஆகவே மனு எழுதுபவர்கள் அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது நல்லது. கிராம சபைக்கும் கேள்விகள் இருக்கின்றன: பணித்தளத்தில் எடுத்த படங்கள் யார் கைபேசியில் இருக்கின்றன, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தன் படத்தைத் தானே பார்க்க விரும்பும் தொழிலாளி யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? அடுத்த கூட்டத்தில் இவற்றை எழுத்தில் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லப் போகிறேன்.