ஏழு கையெழுத்தும் ஐந்தாண்டுத் திட்டமும்

கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்களை நடத்தும் எங்கள் சங்கம், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றது. 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தபோது, இனி ஐந்தாண்டுத் திட்டம் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்பது செயலாளரான எனக்குத் தெளிவாயிற்று.

ஊழியர்கள் நான்கு மாதம் உழைத்து எழுதிய வரைவைச் செயற்குழு முன் வைத்தோம். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தேநீர் வருவதற்குள் தீர்மானப் புத்தகத்தில் ஏழு கையெழுத்தும் விழுந்துவிட்டன. எனக்கு அச்சமே மிஞ்சியது. அவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். சங்கம் தொடங்கிய நாளில் கைக்காசைப் போட்டவர்கள். ஆனால் வரவுசெலவுக் கணக்கைப் படிக்க அவர்களுக்கு நாங்கள் சொல்லித் தந்ததே இல்லை; மூன்றாண்டுப் பதவிக்காலம் முடியும்போதெல்லாம் பழைய பட்டியலையே வாசித்து, கைதட்டித் தேர்வு செய்துவந்தோம்.

முதலில் செயற்குழுவைச் சீராக்குவோம், திட்டம் பிறகு ஆகட்டும் என்றார்கள் சிலர். நான் உடன்படவில்லை, ஏனெனில் திட்டத்தைப் பிரித்துப் படிப்பதைவிட நல்ல பயிற்சி உறுப்பினர்களுக்கு வேறில்லை என்று நம்பினேன். மாதம் ஓர் இயலை எடுத்துக்கொண்டோம். அதற்குரிய கணக்கைத் தணிக்கையாளர் முதல் அரைமணி நேரம் விளக்குவார். மூன்றாம் மாதம், ஓய்வுபெற்ற ஆசிரியரான எங்கள் பொருளாளர், ‘எதிர்பார்க்கும் நன்கொடை’ என்ற வரியின் கீழ் பென்சிலால் மெல்லக் கோடிழுத்துவிட்டு நிமிர்ந்தார். “இது வராவிட்டால் எந்த மையத்தை முதலில் மூடப்போகிறோம், தம்பி?” என்னிடம் பதில் இல்லை. நிதி இயலை முழுவதுமாகத் திருத்தி எழுதினோம். புதிதாகத் தொடங்கவிருந்த இரண்டு மையங்களைக் கைவிட்டோம்.

அந்த வாசிப்பில்தான் செயற்குழுவில் யார் இல்லை என்பதும் தெரிந்தது. சட்டம் அறிந்தவர் எவருமில்லை. பிள்ளையை மையத்துக்கு அனுப்பும் பெற்றோர் எவருமில்லை. அடுத்த பொதுக்குழுவில் நிறுவனர்கள் இருவர் தாமாகவே விலகி இடம் தர, ஒரு வழக்கறிஞரும் ஒரு மாணவியின் தாயும் தேர்வானார்கள். திட்டம் ஏழு மாதம் தாமதமானதில் ஊழியர்களுக்கு வருத்தம் இருந்தது, அது நியாயமானதே. இந்த முறையை வரைவுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

மையங்களை இரவு எட்டரை வரை நீட்டிக்கும் முன்மொழிவை அந்தத் தாய் எதிர்த்தார்: தெருவிளக்கில்லாத பாதையில் பெண்பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவார்கள்? எங்கள் தீர்மானப் புத்தகத்தில் பதிவான முதல் மறுப்புக் குறிப்பு அவருடையது. மையங்கள் இப்போது ஏழு மணிக்கே முடிகின்றன.