விளக்கு எரியும் முன்

காலை ஆறு மணி. பவளத் தொட்டியின் விளக்கு இன்னும் எரியவில்லை. மீட்டரில் தண்ணீரின் பி.எச். 7.9. அமிலம் கூடினால் இறங்கும் எண் அது.

நேற்று மாலை இதே தண்ணீர் 8.3 காட்டியது. நடுவில் எதையும் ஊற்றவில்லை, எடுக்கவும் இல்லை.

பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சம் உள்ளவரை அவை கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ள, பி.எச். ஏறும். இருட்டினால் அந்த வேலை நின்றுவிடும். மீன், பவளம், பாசி, பாறையிலுள்ள பாக்டீரியா என எல்லாம் விடும் மூச்சு தண்ணீரில் கரைந்து அமிலமாகும்.

0.4 தானே என்று தோன்றலாம். மடக்கை அளவு அது, 1 இறங்கினாலே பத்து மடங்கு. இங்கே அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டரை மடங்கு!

எனக்கு நெகிழ்ச்சி தருவது இன்னொன்று. சிங்கப்பூர் அடுக்குமாடி வீடு, ஏசிக்காகச் சன்னல்களை மூடியிருப்போம். உள்ளே தூங்கும் எங்கள் மூச்சும் அந்தத் தண்ணீரில் சேர்கிறது. சன்னலைத் திறந்த இரவுகளில் பி.எச். அவ்வளவு இறங்குவதில்லை.

இதற்காகப் பயந்துபோய் மருந்து ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கரையோரப் பவளத் திட்டுகளில் கடலே இப்படித்தான் தினமும் ஏறி இறங்குகிறது.

வெப்பம்தான் என் கவலை. தொட்டியில் பகலில் 27 டிகிரி, இரவில் 26 பரவாயில்லை. ஆனால் கடலில், வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி சில வாரம் நீடித்தாலே பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். தொட்டிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இருக்கிறது. கடலுக்கு?

அப்புறம், இதே தண்ணீர் சுற்றிவரும் கீழ்த்தொட்டியில் வளரும் பாசிக்கு இன்றிலிருந்து இரவில் விளக்கு போடப் போகிறேன். மேலே இருட்டும்போது அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சட்டும்.