டெபாசிட் போனது கூடப் பரவாயில்லை, அந்தப் பத்துக் கையெழுத்து இருக்கிறதே

ஸ்காட்லாந்தில் சுயேச்சையாக நிற்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் 2021-லும் தோற்றேன், 2024-லும் தோற்றேன், இரண்டு தடவையும் 500 பவுண்டு டெபாசிட் போச்சு. 5 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் அது திரும்ப வரும்.

2021 ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் மனு கொடுப்பது சுலபம், ஒரு சாட்சிக் கையெழுத்தோடு முடிந்தது. கோவிட் காலம் என்பதால் ஓட்டு எண்ணுவதைக்கூட வெள்ளி, சனி என்று பகலில்தான் வைத்தார்கள்.

பாடாய்ப் படுத்தியது 2024 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தல், அதாவது பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தல். மே 22 அறிவிப்பு, ஜூன் 7 மாலை 4 மணிக்குள் மனு. அதில் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும், ஒவ்வொருவருக்கும் பட்டியல் எண்ணை முன்னால் வரும் எழுத்துகளோடு சேர்த்து எழுத வேண்டும். எழுதி, தேர்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டினேன். ஒருவர் பென்சிலால் டிக் அடித்து "எல்லாம் சரி" என்றார். கடைசிக்கு முந்தின நாள் முறைப்படி கொடுக்கப் போனால் வேறொருவர், ஒரு கையெழுத்து பக்கத்துத் தொகுதி ஆளுடையது என்கிறார்! அந்தத் தேர்தலில்தான் ஸ்காட்லாந்துத் தொகுதிகள் 59-லிருந்து 57 ஆகி எல்லைகள் மாறின, அந்த அம்மா குடியிருக்கும் தெரு அந்தப் பக்கம் போய்விட்டது. சரி, உங்கள் ஆள்தானே டிக் அடித்தார் என்றால், "அது சும்மா பார்த்தது" என்று முகத்தைக் கூட நிமிர்த்தாமல் பதில். அடித்துத் திருத்தினால் வம்பு என்று புதுப் படிவம் எடுத்து, எல்லார் வீட்டுக்கும் மறுபடி ஓடினேன். ஒரு நர்ஸம்மா இரவு ஷிப்ட் முடிந்து தூங்கப் போகும் நேரத்தில் கதவைத் திறந்து, நைட்டியோடு நின்றே கையெழுத்துப் போட்டார், புண்ணியவதி. தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்ப முடியாது, நேரில்தான் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்றரைக்குக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே கடைசி நாள் வரை வைக்காதீர்கள். யார் டிக் அடித்தாலும் நீங்களே புதுப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு தெருவாகச் சரிபாருங்கள். வேறு பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிய இன்னொரு படிவமும் தயாராக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பிரசாரம் என்பது பெரும்பாலும் படிக்கட்டுதான். பழைய அடுக்குமாடிகளில் கீழ்க்கதவு பூட்டியிருக்கும், பெல்லை வரிசையாக அமுக்கினால் யாராவது திறப்பார்கள். கதவில் இருக்கும் தபால் துவாரத்தில் கையை விடாதீர்கள், ஸ்பிரிங் மூடி விரலைக் கடிக்கும், உள்ளே நாய் இருந்தால் அது இன்னும் நன்றாகக் கடிக்கும். மரக் கரண்டியால் நோட்டீஸைத் தள்ளுங்கள், அனுபவசாலிகள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர், முகவரி கட்டாயம்.

எண்ணும் இரவில் ஒரே ஒரு சந்தோஷம். ஒரு சீட்டில் என் கட்டத்துக்குள் சிரிக்கிற முகம் வரைந்திருந்தது. சந்தேக ஓட்டுகளைப் பார்க்க எங்களை அழைத்தபோது வேறு எங்கும் குறியில்லையே என்று எடுத்துச் சொன்னேன், எனக்கே சேர்த்தார்கள்.

தோற்றாலும் வேலை முடியாது. முடிவு வந்து 35 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், ஒரு காசு செலவழிக்காதவரும் கொடுத்தாக வேண்டும். என் அச்சகக்காரர் தேதியே போடாமல் பில் அனுப்பியிருந்தார், அதற்கும் தனியாக அலைந்தேன்.