மவுஸ் யார் கையில்? பள்ளிகளில் ஆய்வு செய்ய அனுமதி வாங்கிய அனுபவம்

அரசுப் பள்ளியில் ஹைடெக் லேப் என்று சொல்லும் கணினி அறையில் பல நேரம் ஒரே சிஸ்டத்தில் இரண்டு பேர் உட்காருவார்கள். மவுஸ் யாரிடம் இருக்கிறது, பையனிடமா பெண்ணிடமா, யார் பக்கத்தில் இருந்து விடை மட்டும் சொல்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. துறை உளவியல், களம் கடலூர் மாவட்டம், பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் லேப்புக்குள் கால் வைப்பதற்குள் ஆய்வுத் திட்டம் பாதி மாறிவிட்டது. களப்பணிக்குக் கிளம்பும் மற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் வாசல் நெறிமுறைக் குழு, ஆய்வால் யாருக்கும் பாதிப்பு வராதா என்று பார்ப்பவர்கள். திட்டத்தில் கணினித் திறன் தேர்வு ஒன்றும் இருந்தது. குழுவில் இருந்த மூத்த பேராசிரியை, "பையனுக்கும் பொண்ணுக்கும் திறமையில வித்தியாசம் இருக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்காட்டினார். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகள் 46ஐ அலசி, ஆண் பெண் உளவியல் வேறுபாடுகளில் பெரும்பாலானவை மிகச் சிறியவை அல்லது இல்லவே இல்லை என்று சொன்னவர் ஹைட்.

என் கையிலும் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது: 1987இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹஃப், ஜோயல் கூப்பர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலத்தில் கமா போடும் முறையைச் சொல்லித்தர ஒரு மென்பொருள் வடிவமைக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டார்கள். பையன்களுக்கு என்றதும் விளையாட்டு போல வடிவமைத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு என்றதும் பயிற்சிக் கருவி போல. சிலரிடம் வெறுமனே 'மாணவர்களுக்கு' என்று சொன்னபோது வந்ததும் பையன்களுக்கான விளையாட்டுதான். கோளாறு பிள்ளையின் தலையில் இல்லை, முன்னால் வைக்கப்படும் பொருளிலும் சூழலிலும் இருக்கலாம் என்பதுதான் என் கட்சியும். திறன் தேர்வை எடுத்துவிட்டோம். மவுஸ் யார் கையில் என்று பார்த்துக் குறிக்கும் கவனிப்பு அட்டவணை தப்பியது.

அடுத்தது கல்வித்துறை அனுமதி. மனு, கைடு கடிதம், குழுவின் சான்று, கேள்வித்தாள் நகல் எல்லாம் இரண்டு செட் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு செட் எங்கேயாவது தங்கிவிடும், அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை. "வீட்டில் செல்போன் யாருடையது, நீ எப்போது தொடலாம்?" என்ற கேள்வியில் பிரிவு எழுத்தர் பேனாவை வைத்துவிட்டார். "வீட்டு விஷயமெல்லாம் எதுக்கும்மா?" தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றைக் (2019-21) காட்டினேன். அதன்படி இந்தியாவில் ஒருமுறையாவது இணையம் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3. வீட்டில் போனே தொடாத பிள்ளை லேப்பில் தயங்கினால் அதைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடுவோம் என்றேன். கேள்வி பிழைத்தது. ஆனால் பெயர் கூடாது, புகைப்படம், வீடியோ கூடாது என்று நிபந்தனை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று. வீடியோ என்றால் பிள்ளைகள் கேமராவுக்காகவே உட்கார்ந்திருப்பார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு முப்பது வினாடிக்கு ஒருமுறை குறித்தேன்.

பெற்றோர் ஒப்புதல்தான் உண்மையான வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, இந்த வயதில் பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பள்ளியில் படிவங்கள் திரும்பவே இல்லை. விசாரித்தால், கையெழுத்துப் போட்டால் ரேஷன் கார்டில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். மாலையில் முந்திரி உடைக்கும் இடத்துக்கே போய் ஒவ்வொருவரிடமும் வாசித்துக் காட்டினேன். முந்திரித் தோட்டின் எண்ணெயில் விரல்கள் ஏற்கெனவே கறுத்திருந்தன. ஒரு அம்மா, "இதுக்கு மை வேறயா மேடம்?" என்று சிரித்துக்கொண்டே ரேகை வைத்தார். தலைமையாசிரியர் மூலம் மொத்தமாக வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சம்மதம் ஆகாது.

லேப்புக்குள் போனால் வேறு சங்கதி. நம் பள்ளிகளில் பையனும் பெண்ணும் ஒன்றாக உட்காருவது அரிது. சில சிஸ்டம் மக்கர் செய்யும் நாளில்தான் சேர்ந்து உட்காருவார்கள். என் அட்டவணையின் முக்கியமான பக்கங்கள் எல்லாம் அப்படி ரிப்பேர் நாட்களில் நிரம்பியவை. சிஸ்டம் நின்றால் பையன்கள் எழுந்து அடுத்த சிஸ்டத்துக்கு ஓடுவார்கள். பெண்பிள்ளைகள் சார் வரட்டும் என்று காத்திருப்பார்கள். சேர்ந்து உட்கார்ந்தால் மவுஸ் பெரும்பாலும் பையன் பக்கம். "நான் விடை சொல்றேன் மிஸ், அவன் அழுத்துறான்" என்றாள் ஒரு பிள்ளை, வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட மாதிரி.

ஒரு தலைமையாசிரியை என் அட்டவணையை எட்டிப் பார்த்துவிட்டு, "பாதி பீரியட்ல மவுஸை மாத்தச் சொல்லிடவா?" என்று கேட்டார். ஆய்வு முடியும்வரை வேண்டாம் மேடம் என்று கெஞ்சினேன். "சரி, முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார். அனுமதி இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும்தான். அவர் மாற்றிய பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க ஜூனில் மறுபடி மனுப் போட வேண்டும்.