கழுத்துப்பட்டையும் நம்பர் பிளேட்டும்

வெளிநாட்டுச் செய்தி மேசையில் புதிதாக உட்காருபவர்களுக்கு, 2015 ஜூலை 28, 29 ஆகிய இரண்டு நாட்களின் ஏஜென்சிச் செய்திகளைக் கையில் கொடுத்தாலே போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டி, அந்த மாதத் தொடக்கத்தில் சிசில் என்ற 13 வயது சிங்கத்தை வேட்டையாடியவர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் பல் மருத்துவர் என்பது 28ஆம் தேதி வெளியானது. மறுநாள் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியிலிருந்து அடுத்த செய்தி வந்தது. சாமுவேல் டுபோஸ் என்ற 43 வயதுக் கறுப்பினத்தவரைத் தலையில் சுட்டுக் கொன்ற பல்கலைக்கழகப் போலீஸ்காரர் ரே டென்சிங் மீது கொலைக் குற்றச்சாட்டு. அவர் உடலில் மாட்டியிருந்த கேமராவின் பதிவும் அன்றே வெளியிடப்பட்டது.

உலகம் எதற்கு அழுதது என்பது தெரிந்ததுதான். அந்தப் பல் மருத்துவரின் மருத்துவமனைக் கதவருகே பொம்மைச் சிங்கங்கள் குவிந்தன. 'மனுசன் செத்ததுக்கு இல்லாத கண்ணீர் மிருகத்துக்கா' என்று உடனே ஒரு கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் மேசையில் இருப்பவர்கள் மனித மனத்தை ஆராயப் போகும் முன், தங்கள் கைக்கு அந்த இரண்டு சாவுகளும் எந்த உருவத்தில் வந்து சேர்ந்தன என்று பார்ப்பது நல்லது.

சிசில் வரும்போதே முழுச் செய்தியாக வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாட்டிய ஜிபிஎஸ் பட்டை கழுத்தில் இருந்தது. சுற்றுலாப் பயணிகள் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள், உயிரோடு நடமாடும் வீடியோக்கள், சொந்தப் பெயர், கருமை படர்ந்த பிடரி எல்லாம் தயார். கொன்றவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது, அவர் சீருடைக்காரர் அல்ல. பக்கம் போட அரை மணி நேரம் போதும்.

டுபோஸ் செய்தியோ பத்து நாள் கழித்துத்தான் உருவம் பெற்றது. ஜூலை 19 மாலை. முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று காரை நிறுத்துகிறார்கள். உரிமம் கேட்கிறார்கள். சில நிமிடத்தில் ஒரே குண்டு. கார் தன்னை இழுத்துச் சென்றதால் சுட்டேன் என்றார் டென்சிங். இழுத்துச் சென்றதை இன்னொரு காவலரும் பார்த்ததாக முதல் அறிக்கையில் பதிவாகியிருந்தது. செய்தியாளர் கையில் இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். கேமரா பதிவு அதிகாரிகள் வசம் இருந்தது. அதைக் கேட்டுச் செய்தி நிறுவனங்கள் வழக்கே தொடுத்தன. பதிவு வெளியானபோது இழுத்துச் சென்றதாகச் சொன்ன கதை நிற்கவில்லை. அந்தக் கேமரா மட்டும் இல்லையென்றால் தாளில் எழுதியதுதான் இன்றைக்கும் வரலாறு.

இங்கேதான் வேலையின் முதல் தவறு நடக்கிறது. "காரால் இழுத்துச் செல்லப்பட்ட போலீஸ்காரர் சுட்டதில் ஒருவர் பலி" என்று எழுதினால், போலீஸ்காரரின் வாக்குமூலம் நம் வாக்குமூலமாகிவிடுகிறது. "கார் தன்னை இழுத்துச் சென்றதாக அவர் கூறியிருக்கிறார், காட்சிப் பதிவு இன்னும் வெளியிடப்படவில்லை" என்று எழுதினால் ஐந்தாறு சொல் கூடும், பொய் உள்ளே வராது. இரண்டாவது பாதி வாக்கியம் முக்கியம். பதிவு ஒன்று இருக்கிறது, அது யாரிடம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும்.

அமெரிக்கப் போலீஸ் அறிக்கைகளில் 'காவலர் சம்பந்தப்பட்ட துப்பாக்கிச்சூடு' என்று ஒரு சொற்றொடர் வரும். துப்பாக்கி தானாகவே சுட்டுக்கொண்டது, காவலர் பக்கத்தில் நின்றார் என்பதுபோல. அதை அப்படியே மொழிபெயர்க்கிறவர்கள் உண்டு. தமிழில் அதைவிடச் சௌகரியமான சொல் ஒன்று நம்மிடமே இருக்கிறது: 'பலி'. வெயிலுக்குப் பலி, லாரி மோதிப் பலி, துப்பாக்கிச்சூட்டில் பலி. செய்தவன் யார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத சொல் அது. சிங்கத்துக்கு மட்டும் "சிங்கத்தைக் கொன்ற பல் டாக்டர்" என்று எழுவாய், செயப்படுபொருள், வினை எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடும். தலைப்பில் இடமில்லை என்ற சாக்கும் செல்லாது. சி-சி-ல், டு-போ-ஸ், இரண்டுக்கும் மூன்றே எழுத்து. ஆனாலும் ஒன்று பெயராகப் போகும், இன்னொன்று 'கறுப்பினத்தவர்' என்று போகும்.

படத்திலும் இதே கோளாறு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒருவர் முன்பு எப்போதாவது கைதாகியிருந்தால் அந்தப் போலீஸ் படம் பொது ஆவணம், உடனே கிடைத்துவிடும். குடும்பப் படம் வாங்க யாராவது வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், ஒரு நாள் போகும். முதல் நாள் அவசரத்தில் கைதிப்படம் பக்கம் ஏறிவிட்டால், பிறகு வரும் எல்லாச் செய்திக்கும் 'ஃபைல் போட்டோ' அதுதான். வாசகர் செத்தவரைப் பார்ப்பதற்கு முன் குற்றவாளியைப் பார்த்துவிடுகிறார். கைதிப்படம் மட்டும் கிடைத்த நாளில் படமே போடாமல் விடுவதுதான் சரி.

எண்ணிக்கைக் கதை இன்னும் மோசம். போலீஸார் ஆண்டுக்கு எத்தனை பேரைக் கொல்கிறார்கள் என்ற முழுக் கணக்கு 2015இல் அமெரிக்க அரசிடமே இல்லை. 'வாஷிங்டன் போஸ்ட்', 'கார்டியன்' என்ற இரண்டு நாளிதழ்கள் அந்த ஆண்டுதான் உட்கார்ந்து எண்ணத் தொடங்கின. சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் மட்டுமே ஆயிரத்தை ஒட்டி வந்தார்கள். மக்கள் தொகையில் 13 சதவீதம் அளவே உள்ள கறுப்பினத்தவர், அந்தக் கணக்கில் நான்கில் ஒரு பங்கு.

இதுவரை சொன்னதை வைத்து, எல்லாம் தகவல் வந்து சேரும் வேகத்தின் கோளாறுதான், இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒருவர் வாதாடலாம். அந்த வாதம் பத்து மாதத்தில், அதே ஊரில் உடைந்தது.

2016 மே 28. சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று தடுப்பைத் தாண்டி, சுமார் 15 அடி கீழே கொரில்லா அகழிக்குள் விழுந்தது. ஹராம்பே என்ற கொரில்லா, சுமார் 200 கிலோ எடை, முந்தைய நாள்தான் 17 வயது முடிந்தது. குழந்தையைத் தண்ணீரில் இழுத்தது. பத்து நிமிடம் போலக் கடந்தபின் ஊழியர்கள் சுட்டுக் கொன்றார்கள். மயக்க ஊசி ஏன் போடவில்லை என்று உலகமே கேட்டது. ஊசி பட்டதும் விலங்கு விழுந்துவிடாது, மருந்து ஏற நிமிடங்கள் ஆகும், குத்திய வலியில் அது என்ன செய்யும் என்று தெரியாது என்பது காட்சிசாலையின் பதில். விலங்கு மருத்துவம் தெரிந்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

இந்த முறை எதுவும் மறைவாக இல்லை. வீடியோ அன்றே வந்தது. அளந்து பார்க்க ஒரு தடுப்பு இருந்தது: சுமார் மூன்றடி உயரம். கோபம் போக வேண்டிய இடம் அந்தத் தடுப்பு. போனது தாயிடம். குடும்பம் கறுப்பினக் குடும்பம். பெற்றோரைப் பொறுப்பாக்கச் சொன்ன மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். சம்பவத்தின்போது அங்கே இல்லாத தந்தையின் பழைய வழக்குகளைத் தோண்டி எடுத்துப் போட்டன சில ஊடகங்கள். கொரில்லாவின் சாவுக்கும் அந்த வழக்குகளுக்கும் என்ன தொடர்பு? போலீஸ் சுட்டுச் செத்தவரின் பழைய குற்றப் பதிவைத் தேடிப் பழகிய கை, இங்கேயும் தானாகவே தேடியிருக்கிறது. வேகக் கோளாறு என்று இதற்குப் பெயர் வைக்க முடியாது.

தாய் மீது வழக்கு இல்லை என்று ஜூன் 6 அன்று அறிவித்தவர் சின்சினாட்டி அடங்கிய ஹாமில்டன் கவுன்டியின் (மாவட்டம் போன்றது) அரசு வழக்கறிஞர் ஜோ டீட்டர்ஸ். டென்சிங் மீது குற்றம் சாட்டியவரும் அவரேதான். அடுத்த நாள் கொரில்லா பகுதி மீண்டும் திறந்தது. தடுப்பு 42 அங்குலமாக உயர்ந்திருந்தது, கயிற்று வலையோடு. பழைய தடுப்பு விதிமுறைக்கு உட்பட்டதாக இல்லை என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வு சொன்னது அந்த நவம்பரில். அதற்குள் ஹராம்பே இணையத்தில் கேலிப்பொருளாகிவிட்டது. கிண்டல் தாங்காமல் காட்சிசாலை தன் ட்விட்டர் கணக்கை ஆகஸ்டிலேயே மூடியது. மிருகத்தின்மேல் பொங்கிய பாசம் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

அதே நவம்பரில் டென்சிங் வழக்கில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வராமல் விசாரணை முறிந்தது. சட்டைக்குள் அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டில் கூட்டமைப்புக் கொடி இருந்தது நீதிமன்றத்தில் வெளிவந்தது; அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி. 2017 ஜூனில் இரண்டாம் விசாரணையும் முறிந்தது. ஜூலையில் மூன்றாவது விசாரணை இல்லை என்றார் டீட்டர்ஸ். பல்கலைக்கழகம் அதற்கு முன்பே, 2016 ஜனவரியில், 48.5 லட்சம் டாலர் இழப்பீடும் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும் தர ஒப்புக்கொண்டிருந்தது.

இப்படி இழுக்கும் வழக்குகளுக்கு மேசையில் தனி நாட்குறிப்பு வேண்டும்: அடுத்த வாய்தா எப்போது, எந்த ஆவணம் யாரிடம் இருக்கிறது, சம்பந்தப்பட்ட சட்டம் மாறுகிறதா. டுபோஸ் பக்கத்தில் கடைசிப் பதிவு, 2020 ஜூலை 1: ஒஹையோவில் காருக்கு முன்பக்க நம்பர் பிளேட் இனி தேவையில்லை.