ஹஜ் பயணமும் காலனி அரசின் கணக்கும்

ஹஜ் பயணத்தைத் தடுத்தால் முஸ்லிம்களின் சினத்துக்கு ஆளாக நேரும், கண்டுகொள்ளாமல் விட்டால் காலரா பரப்பிய பழி வந்து சேரும் என்ற இரட்டை அச்சத்திலேயே பிரிட்டிஷ் இந்திய அரசு பல பத்தாண்டுகளை ஓட்டியது. 1865-இல் மக்காவில் பரவிய காலரா ஐரோப்பா வரை சென்றதும், மறு ஆண்டே கான்ஸ்டான்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. பின்னர், செங்கடலின் கமரான் தீவில் பயணிகளை இறக்கித் தனிமைப்படுத்தும் நிலையம் எழுந்தது.

நோயைப் பற்றி அரசு பட்ட கவலையில் பாதியைக்கூடக் கப்பல்களைப் பற்றிப் படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1880 ஆகஸ்டில், 900-க்கும் மேற்பட்ட பயணிகளுடன் சிங்கப்பூரிலிருந்து சென்ற ‘ஜித்தா’ என்ற நீராவிக் கப்பலுக்குள் நீர் புகவே, கேப்டனும் ஐரோப்பிய அதிகாரிகளும் படகிலேறித் தப்பினர். கப்பல் மூழ்கிவிட்டதாக ஏடனில் அவர்கள் அறிவித்த மறுநாளே, பயணிகளோடு அது அதே துறைமுகத்துக்கு இழுத்துவரப்பட்டது! கேப்டனுக்குக் கிடைத்த தண்டனை மூன்றாண்டு உரிம நிறுத்தம், அவ்வளவே.

1886-இல் பயண ஏற்பாட்டைத் தாமஸ் குக் நிறுவனத்திடம் அரசு ஒப்படைத்தது. ஏழைப் பயணிகளின் கட்டணத்தில் லாபம் கிட்டாததால், சில ஆண்டுகளிலேயே அந்நிறுவனம் விலகிக்கொண்டது.